மந்தையில் நின்ற மாடு

எங்கள் ஊரில் பஞ்சாயத்து கூடும் பொட்டலுக்கு மந்தை என்று பெயர். மந்தை என்றால் மாட்டுக் கூட்டம்தான். விடிந்ததும் ஊர் மாடுகள் மேய்ச்சலுக்குப் போகுமுன் அங்கே வந்து நிற்கும். நின்ற இடத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வழக்கு நடக்கும்போது யார் வீட்டு மாடு அங்கே நிற்கிறதோ அந்த வீட்டுக்காரர்தான் வாயைத் திறக்கலாம் என்று எந்தப் புண்ணியவானோ ஒரு வழக்கத்தையும் சேர்த்து வைத்துவிட்டுப் போனான். நான் தறிக்காரன். மாடு இல்லை, அதனால் மந்தையில் பேச்சும் இல்லை.

முத்துப்பேச்சிக்கு ஒரே ஒரு பசு. புருஷன் வீரபத்திரன் தை மாதம் செத்தான். காரியம் முடிந்த கையோடு அவன் அண்ணன் கோட்டைச்சாமி, ஊருணிக்கரைக் கரிசல் காட்டைத் தம்பி தனக்கே கொடுத்துவிட்டான் என்று சொல்லி, முள் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டான். பச்சைப் பொய். அந்தக் காடு போனால் அவளும் பிள்ளைகளும் பட்டினிதான். வெள்ளிக்கிழமை காலை மந்தையில் வழக்கு என்றானது.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. மழை இல்லை, வைக்கோல் கண்ணில் படவில்லை. முத்துப்பேச்சி கூரையில் வேய்ந்திருந்த சோளத்தட்டையை உருவிப் பசுவுக்குப் போட்டாள். வீட்டுக்குள் வானம் தெரிந்ததே தவிர, மாடு தேறவில்லை.

வெள்ளிக்கிழமை அதை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். மந்தைக்குள் வந்ததும் மாடு மடங்கி விழுந்தது.

"நிக்கிற மாடுதானப்பா கணக்கு" என்றான் கோட்டைச்சாமி, யாரையும் பார்க்காமல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேசத்தானே தடை, தூக்கத் தடையில்லையே. நானும் எங்கள் தெரு ஜோதிலிங்கமும் இன்னும் சிலரும் வயிற்றுக்கடியில் கைகொடுத்து அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டோம். நாட்டாமை பால்ச்சாமி கொஞ்சம் யோசித்துவிட்டு, அவளைப் பேசச் சொன்னார்.

அவள் ஆதியிலிருந்து ஆரம்பித்தாள். கல்யாணம், சீர், மாமனார் பேசிய பேச்சு எல்லாம் வந்தது. என் உள்ளங்கையில் விலா எலும்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றுபோனது. ஜோதிலிங்கத்தைப் பார்த்தேன், அவனுக்கும் தெரிந்திருந்தது. ஒருவரும் கையை எடுக்கவில்லை. சீக்கிரம் சொல்லேன் மகராசி என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"எங்கம்மா காதுல கெடந்த பாம்படத்த வித்து எம்பேருக்கு வாங்குன காடு. அன்னைக்குக் கூட நின்ன சாட்சி இங்கதான் உக்காந்திருக்காக..."

கோட்டைச்சாமி எழுந்து வந்து மாட்டின் மூக்கருகே கையை வைத்துப் பார்த்தான்.

"விடுங்கப்பா. மாடு போயிருச்சு."

முத்துப்பேச்சி பேச்சை நிறுத்திவிட்டு நாட்டாமையைப் பார்த்தாள். அந்தச் சாட்சி அவர்தான். மந்தையில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். பால்ச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"மாடு இல்லையே தாயி. நான் என்ன செய்ய?"

நாங்கள் மாட்டைக் கீழே இறக்கினோம்.