தலையில்லாத எட்டுப் படங்கள்

வெயில் கொளுத்துகிற காலையில் என் தங்கை ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினாள்.

"பைத்தியமாடி உனக்கு? கழட்டு."

"குளிருதுக்கா."

மேற்கொண்டு கேட்க எனக்கு நேரமில்லை. அதே பள்ளியின் மாணவர் ஆரோக்கியக் குழுவுக்கு நான் தலைவி. பதினோரு மணிக்கு அரங்கில், சிறப்பு விருந்தினராக வரும் டாக்டர் முன்னால், உடல் பருமனைப் பற்றிப் பேச வேண்டும்.

அரங்கு வாசலில், சுவரொட்டிகளுக்குக் கீழே குழுவினர் நின்று க்ரீம் பன் தின்றுகொண்டிருந்தார்கள். 'ஒல்லி' என்று எல்லோரும் கூப்பிடும் எங்கள் செயலாளர், விரலில் வழிந்த க்ரீமை நக்கிவிட்டு அதே எச்சில் விரலால் ஒரு படத்தின் மூலையை அழுத்தி ஒட்டினான்.

'இப்படி ஆகிவிடாதே!' என்ற தலைப்பின் கீழ் எட்டுப் படங்கள். எட்டிலும் தலை கிடையாது, தொப்பையும் தொடையும்தான். யோசனை என்னுடையது. "முகத்தை வெட்டிட்டா யார் மனசும் நோகாது" என்று கூட்டத்தில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருந்தேன். விளையாட்டு விழாவில் நான் எடுத்த படங்களை மொத்தமாக ஒல்லியிடம் கொடுத்து, வெட்டி ஒட்டச் சொல்லிவிட்டு, பேச்சை எழுதப் போய்விட்டேன்.

"ஆறாவதைப் பாரு. நேத்து சாயங்காலம் ஒட்டினதுலேர்ந்து இதுக்குத்தான் கூட்டம்," என்றான் ஒல்லி. "பட்டன் தெறிச்சுப் போய் ஊக்கு குத்தியிருக்கு. அந்த ஊக்கு என்னை விட்டுடுன்னு கதறுது!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தபடியே குனிந்து பார்த்தேன்.

நீலத் தலை வைத்த ஊக்கு. விழா அன்று காலை, அவசர அவசரமாக என் தங்கையின் சட்டையில் நானே குத்திவிட்டது.

குண்டு எறிதலில் முதலாவதாக வந்து, கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றாள் அவள். கை தூக்கியதில் சட்டை ஏறியிருந்தது. முகம் போயிற்று, கை போயிற்று, கோப்பையும் போயிற்று. மிச்சம் வைத்தது வயிற்றை மட்டும்.

என் சிரிப்பு எனக்கே நாறியது.

பிடித்து இழுத்தேன். காகிதம் குறுக்கே கிழிந்து, தொப்பை மட்டும் பசையோடு சுவரில் நின்றது. நகத்தால் சுரண்டினேன்.

"என்னம்மா பண்றே? டாக்டர் வந்தாச்சு!" உடற்பயிற்சி ஆசிரியர் கத்தினார்.

அதற்குள் தங்கையின் வகுப்பு வரிசையாக வந்துவிட்டது. யாரோ கிசுகிசுத்தார்கள். "ஊக்கு வருதுடா!" ஸ்வெட்டருக்குள் வியர்த்து வழிந்தபடி அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"விடுக்கா. நேத்தே எல்லாரும் பாத்தாச்சு."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"தலையை வெட்டினீங்க, சரி," என்றாள். "கப்பையாவது விட்டிருக்கலாம்ல?"

உள்ளே ஒலிபெருக்கி ஆரோக்கியக் குழுத் தலைவியை மேடைக்கு அழைத்தது.

"உன்னைத்தான்க்கா. போ."

நான் போகவில்லை. நகக்கண்ணில் பசை பிசுபிசுத்தது. சுவரில் இன்னும் ஏழு பேர் இருந்தார்கள்.