ஜன்னல் ஈயம்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

போன ஜூலையில் எங்கள் ஊர்ப் புல்வெளியில் வழக்கம்போல் அமெரிக்கச் சுதந்திர தின விழா. சோளக்கதிர் வெந்துகொண்டிருந்தது. மேடையில் ஒருவர் பேசினார். இங்கிலாந்து ராஜாவை எதிர்த்துப் போர் நடந்தபோது இந்த ஊரில் ஒரு வீடு பாக்கியில்லாமல் ஜன்னலில் இருந்த ஈயத்தைக் கழற்றிக் கொடுத்தார்களாம், துப்பாக்கிக் குண்டு வார்க்க. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. அந்தக் காலத்து ஜன்னலில் சின்னச் சின்னக் கண்ணாடிச் சில்லுகளைப் பிடித்துக்கொண்டிருந்ததே ஈயப் பட்டைதான். அதைக் கழற்றினால் கண்ணாடி எப்படி நிற்கும்? கனெக்டிகட் குளிரில், கடற்கரை ஊரில், ஜன்னலுக்குப் பலகை அடித்துக்கொண்டு ஒருத்தி எப்படிக் குடும்பம் நடத்தியிருப்பாள்? அவளாக மனமுவந்துதான் கொடுத்தாளா?

இந்த ஊரில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன், கேட்க ஆளில்லாமல் இல்லை. ஆனால் கேட்கவில்லை. பதில் கிடைத்துவிட்டால் அப்புறம் கதை எழுத முடியாது.

2

முதல் வரியாக இப்படி எழுதினேன்: "சுதந்திரப் பிரகடனம் வாசிக்கப்பட்ட அந்தக் கோடையில் ஊரெங்கும் மணிகள்..."

வேண்டாம். மணி அடித்தால் ஆளுக்கு ஆள் எழுந்து நின்றுவிடுவார்கள், கதை நகராது.

இரண்டாவது: "ஹெப்சிபா கிரிட்லிக்குத் தன் ஜன்னலைப் பிடிக்காது." பொய். அவளுக்கு அந்த ஜன்னல் என்றால் உயிர். அதன் கீழே உட்கார்ந்துதான் தைப்பாள்.

மூன்றாவது: "1776 நவம்பரில் ஊர் சர்ச்சின் டீக்கன் ஜேபெஸ் ஹாட்ச், விதவை ஹெப்சிபா கிரிட்லியின் வீட்டுக்கு ஈயம் கேட்டு வந்தார்."

இது இருக்கட்டும். ஆனால் அவரைக் கொஞ்ச நேரம் வாசலிலேயே நிற்க வைக்க வேண்டும். அதற்குள் அவள் மகனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

3

மகன் பெயர் ஆசாப். ஒரே பிள்ளை. முதல் பிரதியில் அவனைச் சம்பளத்துக்காக ராஜாவின் படையில் சேர்ந்தவனாக எழுதினேன். அடுத்ததில் ஒரு காதலைக் கொண்டுவந்தேன். இரண்டையும் கிழித்துப் போட்டேன். உண்மையில் அவன் ஒன்றுமே செய்யவில்லை, அதுதான் அவன் குற்றம்.

வரிக்கு எதிராக ஊர் சத்தம் போட்டபோது அவனும் சேர்ந்து சத்தம் போட்டான். வரி போட்ட தேயிலையை ஊர் விட்டபோது அவனும் விட்டான். அப்போதெல்லாம் இவர்கள் பேச்சு, "ராஜா தங்கமானவர், கூட இருக்கிற மந்திரிங்கதான் மோசம்" என்பதுதான். ஞாயிறுதோறும் ஜெபத்தில் ராஜாவின் பெயர் வரும். பிறகு ஒரு ஞாயிறு வரவில்லை. ஆசாப் எழுந்து நின்றான்.

"ராஜாவை விட்டுட்டீங்களே, போதகரே."

"தெரிஞ்சுதான்பா விட்டேன்."

"உக்காருடா துரோகி" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஆசாப் திரும்பிப் பார்த்தான். "நான் எங்கயும் போகலையே. போன வருஷம் நீங்க எல்லாரும் நின்ன இடத்துலதான் நிக்கிறேன். நீங்கதான் போயிட்டீங்க."

யாரும் சிரிக்கவில்லை. அந்த வாரத்திலிருந்து மாவு மில்லில் அவன் மூட்டையை அரைத்துத் தர ஆளில்லை. தொழுவத்துக் கதவில் தார் பூசினார்கள். எதிரே தெரிகிற லாங் ஐலண்டை ராஜாவின் படை பிடித்ததும் ஒரு படகில் ஏறிப் போய்விட்டான். அங்கே ராஜாவின் படையில் அவனுக்குப் பச்சைச் சட்டையும் துப்பாக்கியும் கொடுத்தார்கள்.

4

இப்போது டீக்கன் உள்ளே வரலாம்.

(இவரை வில்லனாக்க நிறையப் பாடுபட்டேன். முதல் பிரதியில் கோணல் பல்லெல்லாம் கொடுத்திருந்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை.)

"ஜன்னல் ஈயம் வேணும் ஹெப்சிபா. முதல்ல என் வீட்டுதைத்தான் கழட்டினேன். என் பொஞ்சாதி பட்டப்பகல்ல சுவத்தைத் தடவிக்கிட்டு நடக்கிறா."

"குடுக்கலேன்னா?"

"அதைக் கேக்காத."

"கேட்டுட்டேனே டீக்கனய்யா."

அவர் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். "உன் மகன் அந்தப்பக்கம் இருக்கான். நீ ஈயமும் குடுக்கலேன்னா நான் ஊர்ப் போர்க் கமிட்டியில என்னன்னு பேசுறது? உன் நிலத்தை எடுத்துக்கணும்னு இப்பவே ரெண்டு பேர் வாயைத் திறந்துட்டாங்க. நான்தான் இழுத்துப் புடிச்சு வெச்சிருக்கேன்."

"அந்தக் குண்டு யாரு மேல போகும்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். என் பையன் எலியாக்கிமும் இந்தப்பக்கம் நிக்கிறான். அவன் மேலயும் ஏதோ ஒண்ணு வரத்தான் போகுது."

ஹெப்சிபா ஜன்னலடியில் கிடந்த தையலை எடுத்து மடித்து வைத்தாள். பிறகு சொன்னாள்: "கழட்டிக்கோங்க. ஆனா குண்டை நான்தான் வார்ப்பேன். என் வீட்டு ஈயம் என் அடுப்புலதான் உருகணும்."

டீக்கன் கண் கலங்கிப்போனார். நாட்டுப்பற்று என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

5

குண்டு வார்ப்பதும் தோசை சுடுவதும் ஒன்றுதான். கல் காயாமல் ஊற்றினால் முதல் தோசை பிய்ந்து வருமே, அதேபோல் அச்சு காயாமல் ஈயத்தை ஊற்றினால் குண்டு சரியாக வராது. மேலே பார்க்க உருண்டையாகத்தான் இருக்கும், உள்ளே ஒரு பக்கம் காலி. சுட்டால் நேராகப் போகாது.

பக்கத்து வீட்டு கெசியாவும் உதவிக்கு வந்திருந்தாள். அவள் கணவன் இத்தாமார் இந்த ஊர்ப் படையில் இருக்கிறான். பலகை அடித்த அறையில் அடுப்பு வெளிச்சம் மட்டும்தான். ஹெப்சிபா நாலு குண்டு வார்ப்பாள், எழுந்து போய் அச்சை வாசல் கல்லில் உறைபனி மேல் வைத்துவிட்டு வருவாள். மறுபடி எடுத்து வந்து வார்ப்பாள்.

"அச்சை ஏங்க்கா வெளிய வெக்கிற?"

"கை பொரியுது."

"துணி சுத்திக்கோயேன்."

"சுத்தித்தான் இருக்கேன். உன் வேலையைப் பாரு."

கெசியா ஒரு குண்டை எடுத்தாள். ஒரு தட்டைச் சாய்த்துப் பிடித்து அதில் உருட்டினாள். அது கோணிக்கொண்டு ஓரத்துக்குப் போனது. இன்னொன்றை உருட்டினாள். அதுவும் கோணியது.

"அக்கா, என் வீட்டுக்காரரு இதைத்தான் போட்டுச் சுடணும்."

ஹெப்சிபா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "எதிர்ல என் பிள்ளை நிப்பான் கெசியா."

"அதுக்கு?"

"அதுக்குத்தான்."

6

இங்கே வந்து பல வாரம் நின்றுவிட்டேன். கெசியா என்ன செய்வாள்?

கமிட்டிக்கு ஓடுவாள் என்று எழுதிப் பார்த்தேன். அவள் ஓட மறுத்தாள். பிரசவத்தில் கெசியா பிழைக்க மாட்டாள் என்று எல்லோரும் கைவிட்டபோது விடியும்வரை அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது ஹெப்சிபாதான்.

சரி, ஹெப்சிபாவே மனம் மாறட்டும் என்று எழுதினேன்: "கண்ணீரோடு அவள் எல்லாக் குண்டுகளையும் மறுபடி உருக்கும் கரண்டியில்..." சீ. எந்தத் தாய் செய்வாள்?

கடைசியில் எழுதியது எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் அதுதான் நடந்திருக்கும். கெசியா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு குண்டாகத் தட்டில் உருட்டினாள். நேராக ஓடியதை ஒரு பையிலும், கோணியதை இன்னொரு பையிலும் போட்டாள்.

"நேரா ஓடுன இந்தப் பை இத்தாமாருக்கு. என் கையாலயே குடுப்பேன். அந்தப் பை போற இடத்துக்குப் போகட்டும்."

"போற இடத்துலயும் எவளோ ஒருத்தி புருஷன்தானே இருப்பான்."

"நீ பேசாதக்கா. யாரு வேணா பேசட்டும், நீ பேசாத."

ஒருத்தி வார்த்தாள், ஒருத்தி உருட்டினாள். ஒரு நாடு பிறந்துகொண்டிருந்தது என்று இந்த இடத்தில் ஒரு வரி இருந்தது. அடித்துவிட்டேன். அந்த அறையில் அப்படி எதுவும் தெரியவில்லை.*

* படையில் குண்டைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட மாட்டார்களா என்று நீங்கள் கேட்கலாம். ஈயத்துக்குப் பஞ்சம், ஆட்களுக்கு அவசரம். ஒவ்வொன்றையும் தட்டில் உருட்டிப் பார்க்க யாருக்குப் பொழுது இருந்தது? வெடிமருந்தோடு சேர்த்துக் காகிதத்தில் சுற்றிவிட்டால் எல்லாம் ஒன்றுதான்.

7

டீக்கன் சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்துவிட்டார். பனிச்சறுக்கு வண்டியில் ஒரு சின்ன மரப்பீப்பாய். கெசியா தன் பையை முந்தானை — இல்லை, இவர்களுக்கு ஏது முந்தானை — தன் ஏப்ரனுக்குள் எடுத்து வைப்பதற்குள் அவர் இரண்டு பைகளையும் மேசையிலிருந்து தூக்கிவிட்டார்.

"எதுக்குத் தனித்தனியா? இனிமே எல்லாம் பொதுதானம்மா" என்றார். ஒரு பையைப் பீப்பாயில் கவிழ்த்தார். அடுத்ததையும் கவிழ்த்தார். கையை உள்ளே விட்டு, தானியத்தைக் கலப்பதுபோல நன்றாகக் கலந்தும் விட்டார்.

கெசியா வாயைத் திறந்தாள்.

ஒரு வார்த்தை போதும். சொன்னால் இத்தாமாரைக் காப்பாற்றலாம். சொன்னால் ஹெப்சிபாவின் நிலம் போகும், ஒருவேளை கழுத்தும் போகும். தெரிந்தே பிரித்து வைத்ததற்கு அவளும் பதில் சொல்ல வேண்டும். ஹெப்சிபா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்கு வாயில்லை.

"ஆப்பிள் சைடர் குடிச்சிட்டுப் போங்க டீக்கனய்யா" என்றாள் கெசியா.

டீக்கன் நின்றுகொண்டே குடித்தார். "உங்களை மாதிரிப் பொம்பளைங்க இருக்கிற வரைக்கும் இந்த நாடு" என்று ஆரம்பித்தார். முடிக்காமல் பீப்பாயைத் தூக்கிக்கொண்டார். நானும் முடிக்கப் போவதில்லை.

8

ஏப்ரலில் ராஜாவின் படை எங்கள் கடற்கரையில் இறங்கியது. ஊருக்குள் வரும் குறுக்குப்பாதை தெரிந்தவன் என்று ஆசாப்பை முன்னால் விட்டார்கள்.

அவன் செத்ததாக ஒரு முடிவு எழுதினேன். ஹெப்சிபா அதன் பிறகு கெசியாவின் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இத்தாமார் செத்ததாக இன்னொன்று எழுதினேன். அதில் கெசியா மிதிக்கவில்லை. எலியாக்கிம் செத்ததாக எழுத ஆரம்பித்து, டீக்கன் பீப்பாயில் கையை விட்டுக் கலந்தது கண்ணில் நின்றதால் விட்டுவிட்டேன். மூன்று பேரும் பிழைத்ததாக எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

ஆகவே இதோடு நிறுத்துகிறேன். இத்தாமார் கல்சுவருக்குப் பின்னால் மண்டியிட்டிருக்கிறான். பாதையில் ஒரு பச்சைச் சட்டை ஏறி வருகிறது. நடையைப் பார்த்ததுமே அவனுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. பச்சைச் சட்டைக்காரனும் துப்பாக்கியைத் தூக்கிவிட்டான். இத்தாமாரின் இடுப்புப் பெட்டியில் காகிதம் சுற்றிய தோட்டாக்கள் ஒரே மாதிரி வரிசையாக இருக்கின்றன. அவன் கண்ணைப் பாதையிலிருந்து எடுக்கவில்லை, கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டுகிறான். பக்கத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

ஒன்றை எடுத்துக் கொடுங்கள். உருட்டிப் பார்க்க நேரமில்லை. எதைக் கொடுத்தீர்கள் என்று என்னிடம் சொல்ல வேண்டாம்.