ஒன்றரை டிகிரி

எதை நம்புவது? வயிற்றின்மேல் ஒட்டியிருக்கும் வில்லையையா, வயிற்றுக்குள் கிடக்கும் மாத்திரையையா?

வில்லை நாங்கள் செய்தது. உடம்பைக் குத்தாது, உள்ளே எதையும் அனுப்பாது. உடம்பின் சூட்டில் தானாகக் கசிந்து வரும் நுண்ணலைகளை வெளியிலிருந்தே கேட்டு, ஆழத்தில் எவ்வளவு சூடு என்று சொல்ல வேண்டும். அது சொல்வது சரியா என்று பார்க்கத்தான் வெப்பமானி வைத்த மாத்திரையை விழுங்கச் செய்திருந்தோம். சோதனை சரி என்று நான் சொல்லிவிட்டால், நாளை இந்த வில்லையைப் பிரசவ ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகள்மேல் ஒட்டுவார்கள்.

விழுங்கியவள் என் நாத்தனார். சோதனைக்கு வர வேண்டியவர் வராததால் அவளைக் கையோடு இழுத்து வந்திருந்தேன். மாத்திரை முப்பத்தேழு என்றது. வில்லை முப்பத்தெட்டரை.

"என்ன அண்ணி, முகம் இப்படிப் போகுது? உள்ள பாதிதான் வெந்திருக்கேனா?"

"காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருக்கா உனக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்ல."

எதற்கும் அதைத்தான் சொல்வாள். நிச்சயித்த கல்யாணம் நின்றுபோன அன்றும் அதையே சொல்லிவிட்டு, இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு அவளுடையதா, என் கையினுடையதா, சொல்லத் தெரியவில்லை.

அவள் சட்டைப் பையில் கைபேசி இருந்தது. அதன் அலையையும் வில்லை சேர்த்துக் கேட்டிருக்கும், அவ்வளவுதான் என்று நினைத்து அடுத்த அறையில் கொண்டுபோய் வைத்தேன். எண் அசையவில்லை. பிறகுதான், வாய் காய்ந்ததென்று நடுவில் குளிர்ந்த தண்ணீர் குடித்ததைச் சொன்னாள். அப்படியானால் குளிர்ந்து போனது மாத்திரையோ? அது இன்னும் இரைப்பையில்தான் இருக்கிறதா, குடலுக்கு நகர்ந்துவிட்டதா? ஒன்று பிடிபடுவதற்குள் இன்னொன்று நழுவியது.

ஆய்வகத் தலைவர் வந்து என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார். வில்லை கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், ஒன்றரையைக் கழித்துவிட்டால் பொருந்திவிடும் என்றார். இதற்கு முன் சோதித்த ஆளிடம் அது குறைத்துக் காட்டியதே என்றேன். அவருக்குக் கூட்டிக்கொள்ளலாம் என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

"ஆஸ்பத்திரிக்காரங்க காத்துட்டிருக்காங்க. சரின்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா."

கழித்தால் பொருந்தும்தான். ஒரு குழந்தைக்கு உள்ளே காய்ச்சல் கண்டால், அதுவும் அந்தக் கழித்தலோடு போய்விடும்.

"எது தப்புன்னு எனக்குத் தெரியல சார்," என்றேன்.

"அப்ப கருவி தப்புங்கிறியா?"

"அதுவும் தெரியல. ஆனா சரின்னு சொல்ல மாட்டேன்."