அமலி வீட்டு மேகம்

முத்தனூரில் வீட்டுப் பட்டாவோடு வீட்டுக்கு மேலே உள்ள நாற்பது அடுக்குக் காற்றும் சேர்ந்தே வரும். தினமும் காலை பத்து இருபதுக்குச் செயற்கைக்கோள் வந்து, அகச்சிவப்புக் கண்ணால் ஒவ்வோர் அடுக்கின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பார்த்துவிட்டுப் போகும். கீழே வீடு எப்படி இருந்தாலும், அது குறித்ததுதான் அந்த வீட்டின் அன்றைய நிலவரம்.

அமலியின் வீட்டுக்கு மேலே ஒன்பது நாளாக ஒரு மேகம் நின்றது. அந்தக் கண் மேகத்தைத் தாண்டிக் கீழே பார்க்காது. மேகத்தின் உச்சியை மட்டும் பார்த்து, மைனஸ் நாற்பத்திரண்டு டிகிரி என்று எழுதிக்கொண்டது. மூன்றாம் நாள், குளிர் வீட்டுக்கு எதற்கு என்று ஆபீஸிலிருந்து வந்து மின்விசிறியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஏழாம் நாள் பால்காரர் பாலைக் கட்டியாகக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். பத்தாம் நாளும் அதே எண் வந்தால், கிணறு உறைந்ததாகக் கணக்காகி, மூடிபோட்டுப் பூட்டப்படும். அந்தத் தெருவுக்கு நல்ல தண்ணீர் அந்த ஒரு கிணற்றில்தான்.

பத்தாம் நாள் அடுக்கு ஆய்வாளர் சேவியர் ஒன்பதரைக்கே பூட்டோடு வந்து கிணற்றடியில் உட்கார்ந்தார்.

"மேகத்தக் கொஞ்சம் நகட்டி வச்சா என்னக்கா?"

"நகட்டாமலா இருக்கேன்? பக்கத்து வீட்டு ரோஸ்லின் திருப்பித் தள்ளிவிடுதா."

"எம் மவளப் பொண்ணு பாக்க வாராங்க," என்றாள் ரோஸ்லின், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. "மைனஸ் வீட்டுல எவன் சம்பந்தம் பண்ணுவான்? நீயே வச்சுக்க, தாயி."

சேவியருக்கு அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

கடைசியாக ஒரு குளியல் என்று அமலி பத்து வாளி இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டாள். ஈரத்தைத் துவட்டாமல், மாங்காய் பறிக்கும் துரட்டியோடு மொட்டைமாடிக்கு ஏறினாள். மேகத்தின் அடியில் கொக்கியை மாட்டித் திருகி இழுத்ததும், முறம் அகலத்துக்கு நீலம் தெரிந்தது. விட்டால் மறுபடி மூடிக்கொள்ளும். நேர் கீழே நின்று பிடித்துக்கொண்டிருந்தாள். செயற்கைக்கோள் கடந்தது.

அது குறித்து அனுப்பிய சீட்டைச் சேவியர் படித்தார்.

"முப்பத்தேழு டிகிரி. ஈரப்பதம் நூறு. ஒங்க உச்சந்தலையத்தான் பாத்திருக்கு."

"கெணறு?"

"கெணத்துக்கு ஒண்ணுமில்ல." பூட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நூறுன்னா வீடு குளக் கணக்குல சேந்துரும், அதான்."

"சேரட்டும்."

மறுநாள் காலை மீன் வளர்ப்பு ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, நடுவீட்டில் ஐம்பது கெண்டைக் குஞ்சுகளை விட்டார். அவை கட்டிலுக்கடியில் போய் மேய ஆரம்பித்தன. அமலி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒன்றையும் மிதிக்காமல் கிணற்றடிக்கு நடந்தாள்.