ஸ்தெரிலே

லூர்துசெல்விக்கு மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதனால் அன்று காலை குளியலறையில் அந்தக் கறையைப் பார்த்ததும், இது வேறு யாருடையதோ என்றுதான் முதலில் நினைத்தாள். குருசுக்குப்பத்து வீட்டில் அவளையும் கணவர் ரிச்சர்டையும் விட்டால் ஆள் கிடையாது. மகள் பெனிஷாவும் மகன் லூர்துபிரகாஷும் ஆளுக்கொரு ஊரில் வேலையில் இருக்கிறார்கள். ஆக, அது அவளுடையதுதான்.

'நின்னதுக்கு அப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் உடனே என்கிட்ட வந்துடணும்' என்று டாக்டர் கனீஸ் பாத்திமா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். உடனே போகிறவளா நம் லூர்துசெல்வி? சூட்டினால் இருக்கும் என்று இளநீர் குடித்தாள். கடையில் நின்றபடியே வேலை பார்த்ததால் இருக்கும் என்று காலை நீட்டி உட்கார்ந்தாள். அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவர்த்தியும் ஏற்றினாள். மறுநாள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே பட்டது. அப்புறம்தான் ரிச்சர்டிடம் வாயைத் திறந்தாள். அவர் பிய்த்த இட்லியைத் தட்டிலேயே போட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தார்.

முல்லா வீதிக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன கிளினிக்கில் டாக்டர் ஸ்கேன் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"கர்ப்பப்பை உள்சுவர் தடிச்சிருக்கும்மா. இந்த வயசுல இவ்வளவு தடிப்பு இருக்கக் கூடாது. கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்" என்றவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "ராத்திரி மாத்திரையை ஒழுங்கா போடறீங்கல்ல?"

பக்கத்து நாற்காலியில் ரிச்சர்ட் இருந்தார். ராத்திரி மாத்திரைக்கு அவர்தான் பொறுப்பு. தினமும் படுக்கப் போகும் முன் அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி, தம்ளரில் தண்ணீரோடு கொண்டுவந்து கொடுப்பார்.

"போடறேன் டாக்டர்" என்றாள் லூர்துசெல்வி.

பச்சைப் பொய். மாத்திரையை அவள் நிறுத்தி மாதக்கணக்காகிறது.

பொய் சொல்கிற பிறவியல்ல அவள். நேரு வீதியில் ஒரு பெரிய பட்டுக் கடையில் பில் போடுகிறவள். ஒரு ரூபாய் கூடுதலாக வந்தாலும் வாடிக்கையாளரைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். அப்பேர்ப்பட்டவளுக்கு, விலக்கு நின்ற கையோடு உடம்பு எரியத் தொடங்கியது. முகூர்த்தக் கூட்டத்தில் ஏ.சி.க்கு நேர்கீழே நின்றிருப்பாள், கழுத்திலிருந்து திடீரென்று அனல் கிளம்பி முகமெல்லாம் வேர்த்துக் கொட்டும். தூக்கம் போனது. ரிச்சர்ட் சத்தமாகக் காப்பி உறிஞ்சினால்கூட அழுகை வந்தது. டாக்டர் கனீஸ் பாத்திமா கையில் தடவிக்கொள்ள ஒரு ஹார்மோன் ஜெல் கொடுத்தார். கூடவே ஒரு மாத்திரையும்.

"ஜெல் மட்டும் போட்டா கர்ப்பப்பை உள்சுவர் புல்லு மாதிரி வளந்துகிட்டே போகும். மாத்திரைதான் அதை வளராம வைக்கும். ஜெல்லை மறந்தாலும் மறங்க, இதை மறக்கக் கூடாது" என்றும் சொல்லியிருந்தார்.

ஜெல் தடவியதும் அனல் போன இடம் தெரியவில்லை. மாத்திரைதான் படுத்தியது. முதலில் கொடுத்ததில் வயிறு உப்பி, மனசு காரணமில்லாமல் இருண்டு கிடந்தது. போதாக்குறைக்குக் கடையில் புடவை மடிக்கும் தனக்கொடி, "யக்கா, இந்த மாத்திரையாலதான் மார்ல கட்டி வருதாம், போன்ல வந்துச்சு" என்று ஒரு கொள்ளியைச் செருகிவிட்டுப் போனாள். லூர்துசெல்வி பதறியடித்து ஓடியதும் டாக்டர் மாத்திரையை மாற்றினார். அது உடம்பில் இயற்கையாகச் சுரக்கும் ப்ரொஜெஸ்ட்ரோனைப் போலவே இருக்கும் கேப்சூலாம். "மார்பகப் புத்துநோய் பயம் இதுல கம்மின்னு சொல்றாங்க. சுத்தமா இல்லேன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார். அந்த நேர்மைதான் லூர்துசெல்வியின் தூக்கத்தைக் கெடுத்தது. கேப்சூலோ தூக்கத்தைக் கொண்டுவந்து கொட்டியது. காலையில் எழுந்தால் தலை கிறுகிறுத்தது. ஒரு நாள் முப்பதாயிரத்துக்கு மூவாயிரம் என்று பில் அடித்து, கடை முதலாளி வாயில் விழுந்தாள்.

அப்போதுதான் பாரிஸிலிருந்து அக்கா லினெட் பேசினாள்.

இங்கே இந்தக் குடும்பத்தின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் வீட்டில் கூச்சமான விஷயம் எதையும் தமிழில் சொல்ல மாட்டார்கள். விலக்கு என்றால் 'லெ ரெக்ள்'. முழுகாமல் இருந்தால் 'ஆன்சேந்த்'. பிரெஞ்சுக்காரன் கப்பலேறிப் போய் இத்தனை காலமாகியும், பெண்கள் சமாசாரத்துக்கு மட்டும் அவன் பாஷைதான் திரைச்சீலை. பிரெஞ்சில் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது என்று அர்த்தம். மேற்கொண்டு கேட்பது மரியாதை இல்லை. லினெட் பிரெஞ்சுப் பிரஜையைக் கட்டிக்கொண்டு போனவள், பாஷை தெரியும். லூர்துசெல்விக்குத் தெரிந்ததெல்லாம் இப்படி மூடிப் பேசுகிற பத்து இருபது சொற்கள்தான்.

"நானும் ஜெல்தான் தடவறேன் செல்வி. மாத்திரையெல்லாம் கிடையாது. எனக்குத்தான் ஸ்தெரிலே போட்டாச்சே, அதுவே போதும்னுட்டாங்க" என்றாள் லினெட்.

ஸ்தெரிலே. லூர்துசெல்விக்குச் சட்டென்று பிடிபட்டது. லூர்துபிரகாஷ் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டில் 'ஸ்டெரிலைசேஷன்' என்றுதானே எழுதியிருந்தார்கள்? அவளுக்குச் செய்த குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். அக்காவும் பண்ணிக்கொண்டிருக்கிறாள், பாவம், வெட்கப்பட்டு பிரெஞ்சில் சொல்கிறாள். 'போட்டாச்சே' என்ற சொல்லாவது உறுத்தியிருக்க வேண்டும். ஆபரேஷனை யாராவது போட்டுக்கொள்வார்களா? உறுத்தவில்லை. நமக்குச் சாதகமான சேதியை நாம் துருவிப் பார்ப்பதில்லை.

அவளுக்கு மாத்திரை வேண்டாமென்றால் எனக்கும் வேண்டாம் என்று அன்றோடு நிறுத்தினாள். ரிச்சர்டிடம் சொன்னால் டாக்டரைக் கேள் என்பார், டாக்டர் திட்டுவார். எதற்கு வம்பு? தண்ணீரைக் குடித்தாள், கேப்சூலைக் கைக்குள் வைத்துக்கொண்டாள், காலையில் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். தலை தெளிந்தது. மழைக்காலம் முழுக்க ராணி மாதிரி இருந்தாள்.

அதற்குத்தான் இப்போது கூலி கிடைத்திருக்கிறது.

சதை எடுத்து அனுப்பிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் பில் போடும்போதே கை நின்றுவிடும். நான் போய்விட்டால் பெனிஷா கல்யாணத்தை இவர் தனியாக எப்படி நடத்துவார் என்று ஓடும். கழிவறைக்குப் போகவே பயமாக இருந்தது. போனால் பார்க்க வேண்டும், பார்த்தால் இருக்கும். இவ்வளவுக்கும் நடுவில் ராத்திரி ரிச்சர்ட் தம்ளரோடு வந்து நின்றார். இப்போது அவள் கேப்சூலை நிஜமாகவே விழுங்கினாள். அவர் திரும்பிப் போகும்போது முதுகைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

பொறுக்கமாட்டாமல் லினெட்டைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நீ ஆபரேஷன் பண்ணிக்கிட்டவ. மாத்திரை இல்லாமலே உனக்கு ஒண்ணும் ஆகலையே, எனக்கு மட்டும் ஏன்க்கா இப்படி?"

"என்னா ஆபரேஷன்? நான் எங்கடி ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்?"

"நீதானே சொன்னே, ஸ்தெரிலேன்னு."

லினெட் மெதுவாகச் சொன்னாள். "செல்வி, ஸ்தெரிலேன்னா ஆபரேஷன் இல்லடி. உங்க ஊர்ல காப்பர் டி-ன்னு சொல்றாங்க இல்ல, அதைப் போல உள்ள வெக்கிறது. எனக்கு வெச்சதுல அந்த ப்ரொஜெஸ்ட்ரோன் மாதிரி மருந்தே இருக்குது. உள்ளயே கசிஞ்சுகிட்டு இருக்கும். அதனாலதான் மாத்திரை வேணாம்னாங்க. அய்யோ, நீ மாத்திரையை நிறுத்திட்டியா?"

லூர்துசெல்வி போனை வைத்தாள். அக்காமேல் கோபம் வந்தது. பிரெஞ்சுமேல் வந்தது. கடைசியில் தன்மேல் வந்து நின்றது.

முடிவு வந்த அன்று ரிச்சர்ட் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். டாக்டர் காகிதத்தைப் பிரித்துப் படித்தார்.

"கேன்சர் இல்ல."

ரிச்சர்ட் சத்தமாக மூச்சு விட்டார். சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

"ஆனா செல்லெல்லாம் அளவுக்கு மீறிப் பெருகிக் கிடக்கு. அப்படியே விட்டா பின்னாடி கெட்டதா மாற வாய்ப்பிருக்கு. வழக்கமா இதுக்கு நான் மருந்துதான் கொடுப்பேன். உங்க விஷயத்துல எனக்குத் தயக்கமா இருக்கு. தினமும் மாத்திரை போட்டும் இப்படி வளந்திருக்குன்னா, மருந்து உங்க உடம்புல வேலை செய்யலைன்னுதானே அர்த்தம்? கர்ப்பப்பையை எடுத்துடறதே நல்லதுன்னு தோணுது."

"எடுத்துடுங்க டாக்டர்" என்றார் ரிச்சர்ட் உடனே. "எங்களுக்கு அவ நல்லாயிருந்தா போதும்."

லூர்துசெல்வி மனசுக்குள் கணக்குப் போட்டாள். யோசித்துப் பார்த்தால் வசதிதான். எடுத்துவிட்டால் தடிப்பும் இல்லை, கறையும் இல்லை, அப்புறம் எந்த மாத்திரையும் தேவையில்லை. கழிவறையில் போன கேப்சூல்களைப் பற்றி யாருக்கும் எந்நாளும் தெரியப்போவதில்லை. இரண்டு பிள்ளைகளைப் பெற்றாயிற்று, இனி அது இருந்து என்ன? ஆனால் மேஜைமேல் படுக்கவைத்து, மயக்கம் கொடுத்து, வயிற்றுக்குள் கைவிடப் போகிறார்கள், எதற்கு? அவள் சொன்ன ஒரே ஒரு 'போடறேன்'-ஐக் காப்பாற்ற. டாக்டர் பேனாவை எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார்.

"டாக்டர், நான் மாத்திரை போடல."

பேனா நின்றது. "என்னைக்கு?"

"மழை ஆரம்பிச்சதுல இருந்து ஒரு நாளும் போடல. ஜெல் மட்டுந்தான். ரத்தம் பட்ட பிறகு பயந்துபோய் இப்பதான் போடறேன்."

ரிச்சர்ட் அவள் பக்கம் திரும்பினார். "நான்தானே கைல கொண்டாந்து குடுத்தேன்?"

"வாங்கிக்கிட்டேன். முழுங்கல."

ரிச்சர்ட் எழுந்து, கதவைச் சாத்தாமலே வெளியே போனார். டாக்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவருக்கு முகம் சிவந்திருந்தது.

"உங்க பேச்சை நம்பி உங்களை ஆபரேஷனுக்கு அனுப்ப இருந்தேன், தெரியுமா?"

அழுகையும் விக்கலுமாக அக்காவின் ஸ்தெரிலே கதை முழுவதையும் லூர்துசெல்வி சொல்லி முடித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. "குடும்பக் கட்டுப்பாட்டுல குழாயைத்தாம்மா கட்டறாங்க. கர்ப்பப்பை அங்கேயே இருக்குல்ல? அது இருக்கிற வரைக்கும் அதுக்குக் காவல் வேணும்" என்று மட்டும் சொன்னார். எழுதிய கடிதத்தைக் கிழித்தார்.

"இப்ப கேப்சூல் போட்டா சரியாகுமா டாக்டர்?"

"சுவரு நல்லா இருக்கும்போது காக்கறதுக்கு அது சரி. இவ்வளவு வளந்த பிறகு அதை இறக்க அது போதாது. முதல்ல கொடுத்தேன் பாருங்க, உப்புசம் வந்துச்சே, அந்த ஜாதி மாத்திரையைக் கூடுதலா மாசக்கணக்குல போடணும். இல்லேன்னா உங்க அக்கா வெச்சிருக்கிறதை வெக்கணும். அது நேரா சுவர்மேலயே வேலை செய்யும், ரத்தத்துல கொஞ்சந்தான் கலக்கும். ஆனா முதல் சில மாசம் திட்டுத் திட்டா ரத்தம் படும்."

"பட்டா, அது அதனாலயா, கெட்டதாலயான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது" என்றார் டாக்டர். "ஆறு மாசம் கழிச்சு மறுபடி சதை எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். அதுவரைக்கும் பயந்துகிட்டேதான் இருக்கணும். ஜெல்லையும் இப்போதைக்கு நிறுத்துங்க. அனல் திரும்ப வரும்."

"மாத்திரையே போட்டா..."

"போடலாம். ஆனா உங்களை நம்பி மாத்திரை எழுத எனக்கு மனசு வரல."

அந்தச் சொல் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. தப்பாகவும் தோன்றவில்லை.

"எனக்கும் என்மேல நம்பிக்கை வரல டாக்டர். உள்ளேயே வெச்சுடுங்க."

வெளியே வந்தபோது ரிச்சர்ட் வண்டியைத் திருப்பி நிறுத்தி, அதில் உட்கார்ந்திருந்தார். அவள் பக்கம் பார்க்கவில்லை. ஆபரேஷன் இல்லை என்றாள். அடுத்த வாரம் வந்தால் மருந்துள்ள காப்பர் டி மாதிரி ஒன்றை உள்ளே வைப்பார்கள் என்றாள். ஆறு மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் என்றாள். எல்லாவற்றுக்கும் அவர் தலையை மட்டும் ஆட்டினார். வண்டியைக் கிளப்பினார்.

அவள் பின்னால் ஏறவில்லை.

"இன்னும் ஏதாச்சும் மறைச்சு வெச்சிருக்கியா?" என்று கேட்டார், சாலையைப் பார்த்தபடியே.

"இருக்குது."

அவர் திரும்பினார்.

"ரொம்பப் பயமா இருக்குதுங்க" என்றாள் லூர்துசெல்வி. "செத்துப்போயிடுவேனோன்னு. அந்த ரத்தத்தைப் பார்த்த நாள்ல இருந்து."

ரிச்சர்ட் வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார்.