நவோ முதலா, சொஜி முதலா

தவநாயகி கலியாணமே வேண்டாம் என்று சொல்லுகிற பெண் அல்ல. வந்த வரன்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கழித்ததைப் பார்த்து அவளுடைய தாய் கனகாம்பிகைதான் அப்படி நினைத்துக்கொண்டு, லண்டன் லூயிஷாமில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் மூக்கைச் சிந்திக்கொண்டு திரிந்தாள். உண்மை வேறு. தவநாயகிக்கு ஒரு பைத்தியம் இருந்தது. அதை அலுமாரிக்குள் பூட்டிவைக்காமல் சேர்ந்து குடித்தனம் நடத்தக்கூடிய ஒரு மனிதன் அவளுக்கு வேண்டும். அதைத் தாயிடம் எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.

பைத்தியத்தின் பெயர் அனிமே. ஜப்பான்காரர் கீறுகிற கார்ட்டூன் படம். குழந்தைகளுக்கானது என்று நினைத்தால் உங்கள் பாடு. நவோ, சொஜி என்று இரண்டு வாலிபர்கள் ஒரு பறக்கும் கப்பலை ஓட்டிக்கொண்டு வானமெல்லாம் அலைகிற தொடர் ஒன்று. அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் காதலிக்கிறார்கள் என்று படத்தில் எங்கேயும் சொல்லப்படவில்லை. ஆனால் ரசிகர்களைக் கேட்டால் சத்தியம் பண்ணுவார்கள். மருந்துக்கடையில் வேலை முடிந்து வந்து, தவநாயகி அந்தக் காதலைக் கதை கதையாக எழுதினாள். போட்டோக்கொப்பி எடுத்துத் தைத்த ரசிகர் இதழ்களில் அவை வந்தன. இரண்டு ஆண்பிள்ளைகளின் காதல். கனகாம்பிகையிடம் இதைச் சொல்வதென்றால் முதலில் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ண வேண்டும்.

அந்த ரசிகர் கூட்டத்துக்கென்று ஒரு குறியெழுத்து இருந்தது. இரண்டு பெயருக்கு நடுவில் கூட்டல் குறி போட்டால் வெறும் நண்பர்கள். பெருக்கல் குறி போட்டால் காதலர்கள். அதிலும் எந்தப் பெயர் முதலில் வருகிறது என்பதுதான் உயிர்நாடி. முதல் பெயர்க்காரன் துணிந்து காதலைச் சொல்லுகிறவன். இரண்டாவது பெயர்க்காரன் வெட்கப்பட்டு ஏற்றுக்கொள்ளுகிறவன். தவநாயகி நவோ × சொஜி கட்சி. சொஜி × நவோ கட்சிக்காரர் எழுதியதை அவள் கையாலும் தொடமாட்டாள். அவர்களும் அப்படித்தான். தேர்தல் காலத்தில்கூட மனிதர்கள் இவ்வளவு மும்முரமாக இருப்பதில்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமை சிவன் கோயிலில் அவளைப் பெண் பார்த்தார்கள். லண்டனில் பெண் பார்ப்பது தற்செயலாகத்தான் நடக்கும். இரண்டு குடும்பமும் தற்செயலாக ஒரே பூசைக்கு வரும், தற்செயலாகப் பிரசாத வரிசையில் சந்திக்கும், பிறகு பெரியவர்கள் தற்செயலாக அப்பால் நகர்ந்துவிடுவார்கள். மாப்பிள்ளை குகதாசன். பேர்மிங்ஹாமிலிருந்து வேலை மாறிப் புதிதாக லண்டனுக்கு வந்தவன். கையில் சர்க்கரைப் பொங்கலை வைத்துக்கொண்டு என்ன பேசுவதென்று தெரியாமல் அவளுடைய தோள்பையைப் பார்த்தான். அதில் குத்தியிருந்த சின்னத் தகரப் பட்ஜில் இரண்டு ஆங்கில எழுத்தும் நடுவே ஒரு பெருக்கல் குறியும் இருந்தன.

"நவோதான் முதலோ?" என்று கேட்டான்.

தவநாயகி வாயிலிருந்த பொங்கலை விழுங்க மறந்தாள். இத்தனை வருடமாக அந்தப் பட்ஜைப் பார்த்த தமிழர் எல்லோரும் அதை ஏதோ கொம்பனி அடையாளம் என்றே நினைத்திருந்தார்கள்.

"உங்களுக்கு இது தெரியுமோ?"

"ஓம். பேர்மிங்ஹாமில எங்களுக்கு ஒரு கூட்டம் இருந்தது. இங்க எங்க கூடுறவை?"

"வால்தம்ஸ்டோவில. வாற சனிக்கிழமை இருக்கு." இடத்தையும் சொன்னாள். பிறகு, "நீங்கள் எந்தப் பக்கம்?" என்றாள்.

அவன் பட்ஜை இன்னொரு தடவை பார்த்தான். "உங்கட பக்கம்தான்," என்றான்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இவனையே கட்டலாம் என்று மனதுக்குள் பாதிக் கலியாணத்தை முடித்துவிட்டாள். அப்போதுதான் தொடரில் வரும் பனிக்கட்டிக் காட்சியைப் பற்றிப் பேச்சு வந்தது. கப்பல் பழுதாகி இருவரும் குளிரில் நடுங்கும்போது யாரோ ஒருவன் தன் கையுறையைக் கழற்றி மற்றவனுக்குக் கொடுப்பான். கொப்பிக்குக் கொப்பி எடுத்து மங்கிப்போன வீடியோ நாடாவில் அது யார் கை என்று கடவுளுக்கும் தெரியாது. அதனால் எந்தக் கட்சிக்காரனும் தன்னுடைய முதல் பெயர்க்காரன்தான் கொடுத்தான் என்று பார்ப்பான்.

"சொஜி கையுறையைக் கழட்டேக்கை எனக்குக் கண் கலங்கிப்போச்சு," என்றான் குகதாசன்.

அவ்வளவுதான். நவோ × சொஜிக்காரன் ஒருவன் கனவில்கூட அப்படிச் சொல்லமாட்டான். அவன் மறுகட்சி. அவளுக்குப் பிடிக்க வேண்டும் என்று பொய் சொல்லியிருக்கிறான். தவநாயகி எதையும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் மனம் விட்டுப்போனது. மறுகட்சியாக இருந்ததற்காக அல்ல. ஒளிக்காமல் வாழலாம் என்று பார்த்தால், இவனும் ஒளிக்கிறவனாக இருக்கிறானே. ஒரு வீட்டில் பூட்டிய அலுமாரி இரண்டு எதற்கு?

பஸ்ஸில் வரும்போது, "என்ன பிள்ளை, பிடிச்சுதோ?" என்று கனகாம்பிகை மெல்லக் கேட்டாள்.

"சனிக்கிழமை கழிச்சுச் சொல்லுறன்."

இதற்கு முன் வந்த வரன்களுக்கெல்லாம் பஸ் புறப்பட முதலே வேண்டாம் என்றுவிடுவாள். அதனால் கனகாம்பிகை அன்றைக்கே நகைக்கடைக்காரருக்குப் போன் பண்ணிவிட்டாள்.

ரசிகர்கள் கூடிப் படம் பார்க்கிற வால்தம்ஸ்டோ மண்டபத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வாசலில் மார்கரெட் என்ற பெண்மணி தடித்த பேனையோடு இருப்பாள். வருகிறவரின் பெயரையும் கட்சியையும் ஒரு ஒட்டுத்தாளில் எழுதி நெஞ்சில் ஒட்டிவிடுவாள். நவோவை முதலில் வைப்பவர் இடப்பக்கக் கதிரைகளில், சொஜியை முதலில் வைப்பவர் வலப்பக்கத்தில். அவர்கள் வெறும் நண்பர்கள்தான் என்கிற கூட்டல் குறிக்காரர் பின்னால் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் இருப்பார்கள். அவர்களை யாரும் பகைப்பதுமில்லை, பொருட்படுத்துவதுமில்லை. குகதாசனுக்கு இந்த ஏற்பாடு தெரியாது.

தவநாயகி நேரத்தோடு போய் இடப்பக்கத்தில் உட்கார்ந்து, பக்கத்துக் கதிரையில் தன் கோட்டைப் போட்டு வைத்தாள். அவன் கதவடியில் தெரிந்ததும் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கதிரை காலி. அது சோதனைதான், கொஞ்சம் கொடுமையான சோதனையும்தான். பொய்யைத் தொடர்ந்துகொண்டு அவன் இங்கே வந்து உட்கார்ந்தால் இன்றிரவே வேண்டாம் என்று சொல்லிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தாள். வந்து உட்கார்ந்துவிடுவானோ என்று அவளுக்குப் பயமாகவும் இருந்தது. அவனை அவளுக்குப் பிடித்திருந்தது, அதுதான் தொல்லை.

மார்கரெட் அவன் பெயரை எழுதினாள். "யார் முதலில்?" என்று கேட்டாள்.

குகதாசன் மண்டபத்தை நிமிர்ந்து பார்த்தான். இரண்டு பக்கமாகப் பிரிந்திருந்த கதிரைகளைக் கண்டான். தவநாயகியைக் கண்டான். அவளுக்குப் பக்கத்தில் இருந்த காலிக் கதிரையையும் கண்டான். மார்கரெட்டின் பேனை தாளுக்கு மேலே காத்துக்கொண்டு நின்றது.

"சொஜி," என்றான். குரல் எழும்பவில்லை. மறுபடியும், மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி, "சொஜி முதல்," என்றான்.

வலப்பக்கத்தில் புதுவரவுக்குக் கை தட்டினார்கள். அவன் இடப்பக்கம் திரும்பாமல் போய் அவர்களோடு இருந்தான். பரீட்சையில் கோட்டைவிட்டவன் மாதிரித் தலை குனிந்திருந்தது. இங்கே தவநாயகி கோட்டைத் திரும்பக் கதிரையில் போட்டுவிட்டு, படம் முடியுமட்டும் தன்பாட்டில் சிரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

இடைவேளையில் தேநீர்க் கோப்பையோடு அவன் வந்தான்.

"அண்டைக்குக் கோயிலில பொய் சொல்லிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"தெரியும். கையுறையில பிடிபட்டுப்போனீங்கள்."

"உங்களுக்குச் சரிவராது எண்டால் எனக்கு விளங்கும். ஆனா பக்கம் மாறச் சொல்லி மட்டும் கேக்காதேங்கோ. அது என்னால ஏலாது."

"ஆர் கேட்டது? ஆனா அந்தக் கையுறை நவோவின்ர."

"இல்லை, அது சொஜியின்ர."

"உங்கட நாடாவில அப்பிடித் தெரிஞ்சிருக்கும். கண்ணைத் துடைச்சுப்போட்டுப் பாருங்கோ."

விளக்கை அணைத்து இரண்டாம் படத்தைத் தொடங்கிய பிறகும் இருவரும் நின்று வாதாடினார்கள். கூட்டல் குறிக்காரர் முதன்முறையாகக் கோபப்பட்டு, உட்காரச் சொல்லி அதட்டினார்கள்.

வீட்டில் கனகாம்பிகை கத்தரிக்காய் பொரித்துக்கொண்டு நின்றாள். கேள்வி வாய்க்குள்ளேயே இருந்தது.

"ஓம் எண்டு சொல்லிவிடுங்கோ அம்மா," என்றாள் தவநாயகி.

கனகாம்பிகைக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்ப இரண்டு பேருக்கும் மனம் ஒத்துப்போகுதோ?"

"ஒரு துளியும் ஒத்துப்போகாது. நான் ஒண்டு சொன்னால் அவர் நேர் எதிர்."

"என்ன பிள்ளை விசர்க்கதை கதைக்கிறாய்? பிறகேன் ஓம் எண்டுறாய்?"

தவநாயகி அடுப்பை அணைத்தாள். தாயின் கையிலிருந்த அகப்பையை வாங்கி வைத்துவிட்டு, அவளைக் கதிரையில் இருத்தித் தானும் எதிரே இருந்தாள்.

"முழுக்கக் கேளுங்கோ அம்மா. இடையில எழும்பக் கூடாது," என்றாள். "நவோ எண்டு ஒரு பெடியன். சொஜி எண்டு இன்னொரு பெடியன்."