கையைக் கடிக்காத வண்டி

தண்ணீருக்கு அடியில் ஓட்டுகிற ஸ்கூட்டர் ஒன்று வாங்கப்போகிறோம் என்றதும் என் நாத்தனார் கேட்ட முதல் கேள்வி, "அதுக்கு ஹெல்மெட் உண்டா அண்ணி?"

சக்கரம் எதுவும் கிடையாது, கைப்பிடி வைத்த மின்விசிறி என்று நினைத்துக்கொள், பிடித்துக்கொண்டால் நம்மை இழுத்துக்கொண்டு போகும் என்று விளக்கினேன். "எங்க அண்ணனை இழுத்துக்கிட்டுப் போகத்தான் நீங்க இருக்கீங்களே" என்றாள். நானும் சிரித்துவைத்தேன். கொஞ்ச காலமாக உண்மை நிலவரமும் அதுதான் என்று அவளிடம் சொல்லவில்லை.

நானும் என் வீட்டுக்காரரும் காற்று சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிற கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். கல்யாணமான பிறகு நாங்கள் சண்டை போடாமல் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். தண்ணீருக்குள் பேச முடியாது என்பதால் சண்டைக்கு வழியில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். அதனால் வீட்டில் எனக்கு 'வாத்தியாரம்மா' என்று பெயர், மரியாதையில் வந்த பெயர் அல்ல. கடலுக்குள் மட்டும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வகுப்பு.

அவருடைய வலது கால் சொன்ன பேச்சு கேட்காமல் போனது போன மழைக்காலத்தில். நரம்பு என்றார்கள். "காலோட நின்னுட்டா பயப்பட ஒண்ணுமில்ல. கையில ஏதாவது தெரிஞ்சா மட்டும் உடனே வாங்க" என்றார் டாக்டர். தரையில் கொஞ்சம் சாய்ந்து நடந்து சமாளித்துக்கொண்டார். கடலில் அது நடக்கவில்லை. காலில் மாட்டும் துடுப்பை ஒரு பக்கம் மட்டும் உதைத்தால் ஆள் வட்டமடிப்பார். கடைசியாகப் போனபோது நீரோட்டம் அவரை அடித்துக்கொண்டு போக, சிலிண்டரைப் பிடித்து இழுத்து வந்து சேர்த்தேன். படகுக்காரர் நல்ல மனிதர், ஆனால் கறாரானவர். "ஸ்கூட்டர் இருந்தா சாரை ஏத்திக்கிறேன். இல்லைன்னா மன்னிச்சிருங்கம்மா" என்று சொல்லிவிட்டார்.

ஆக, ஸ்கூட்டர் இருந்தால்தான் கடல். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். எங்கள் கைக்கு எட்டியதெல்லாம் பொம்மை. ஐந்து மீட்டர் ஆழம்தான் தாங்குமாம். அந்த ஆழத்துக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டே போய் வரலாம், சிலிண்டர் எதற்கு? நாங்கள் போகிற ஆழத்தைத் தாங்குகிற இன்னொன்று, ஒரு மணி நேரம் ஓடும் என்று போட்டிருந்தார்கள். கீழே பொடி எழுத்தில் படித்தால், நத்தை வேகத்தில் ஓட்டினால் ஒரு மணி நேரம். எதிர்நீரோட்டத்தில் அது பாதி வழியிலேயே படுத்துவிடும். மைலேஜ் கதையெல்லாம் என்னிடம் செல்லுமா? நன்றாக இருந்தவையோ கேஸ் சிலிண்டர் கனம், பழைய கார் விலை.

"கையைக் கடிக்காம ஒண்ணுமே கிடையாதா?" என்றார்.

"கடிக்கும். எவ்வளவு ஆழமா கடிக்கும்னுதான் பாக்கணும்" என்றேன்.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. ஆழம் தாங்கும், பேட்டரி நிற்கும், படகில் ஒரு கையால் தூக்கி வைக்கலாம். விலையைக் கண்டு மயக்கமும் வரவில்லை. இரண்டு கைப்பிடியிலும் ஒவ்வொரு விசை. இரண்டையும் சேர்த்து அழுத்திக்கொண்டே இருந்தால்தான் ஓடும், ஒரு விரல் தளர்ந்தாலும் நின்றுவிடும். கை நழுவினால் வண்டி தன்பாட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக அப்படி. நான் மயங்கியதே அதில்தான். என் பயிற்சிக் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அது இல்லாத வண்டியில் யாரையும் நம்பி உட்கார மாட்டேன்.

முக்குளிப்புச் சாமான் விற்கிற கடையில் விலை கூடுதல் என்பதால், சைக்கிளும் ஓட்டப்பயிற்சி மெஷினும் விற்கிற கடைக்குப் போனோம். கடைக்காரர் கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி போலிருந்தது. ஆனால் தங்கமான வாய். "ஓட்டிப் பாத்துட்டே வாங்குங்க சார், பின்னாடியே நீச்சல் குளம் இருக்கு" என்று அவரே தூக்கிக்கொண்டு வந்தார்.

மதிய வெயிலில் குளம் காலியாக இருந்தது. என் வீட்டுக்காரர் இறங்கி, முகமூடியை மாட்டி, விசையை அழுத்தினார். சர்ரென்று போனது. முகத்தைத் தூக்கி என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். எத்தனையோ மாதமாக நான் பார்க்காத சிரிப்பு. அப்படியே விலையைப் பேசி முடித்துவிடலாம் என்று தோன்றியது. குளத்தின் நடுவில் வண்டி நின்றது.

மறுபடி அழுத்தினார். கொஞ்ச தூரம் ஓடி மறுபடி நின்றது. "லூஸ் கனெக்‌ஷன்" என்றார் எங்கள் வீட்டு மெக்கானிக்.

நான் கடைக்காரரைப் பிடித்துக்கொண்டேன். "ஏமாந்தவங்கன்னு நினைச்சு டப்பாவை எங்க தலையில கட்டப் பாக்குறீங்களா?" அவர் முகம் சுருங்கிப் போனது. ஓடிப்போய் சீல் உடைக்காத இன்னொன்றைக் கொண்டுவந்தார். அதுவும் அதே நடுக்குளத்தில் நின்றது.

அப்போதுதான் நான் தண்ணீரில் இறங்கினேன். முகமூடியோடு முங்கி, பக்கத்திலிருந்து பார்த்தேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துகிறார். இடது கை விரல் விசையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வலது கை விரல் மெல்ல, தூக்கம் வந்த குழந்தையின் விரல்போல, விசையை விட்டு நழுவுகிறது. அது நழுவுவது அவருக்குத் தெரியவே இல்லை.

வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. காலோடு நிற்கவில்லை.

மேலே வந்தோம். மார்பளவு தண்ணீரில் நின்று அவர் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வண்டியை என் பக்கம் தள்ளினார். "நீ ஓட்டிப் பாரு வாத்தியாரம்மா. உனக்கும் நின்னுச்சுன்னா வண்டிதான் சரியில்ல."

"நிக்கலைன்னா?" என்று நான் கேட்கவில்லை.

என்னிடம் படிக்கிறவர்களிடம் நான் பொய் சொன்னதே கிடையாது. பிரேக்கை மிதிக்க மறந்தால் மறந்தாய் என்றுதான் முகத்துக்கு நேரே சொல்வேன். அன்றைக்கு இரண்டு விசையையும் அழுத்தினேன். அருமையான வண்டி, வெண்ணெய்போலப் போனது. நடுக்குளம் வந்ததும் வலது விரலை எடுத்துவிட்டேன். வண்டி நின்றது. மறுபடி அழுத்தி, கொஞ்ச தூரம் போய், மறுபடி எடுத்தேன்.

"எனக்கும் நிக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். "சனியன் பிடிச்ச வண்டி. வேற கம்பெனி பாக்கலாம்."

அவர் தண்ணீருக்குள்ளிருந்து அப்போதுதான் தலையைத் தூக்கினார். முகமூடி முகத்திலேயே இருந்தது. நான் விரலை எடுத்ததை இரண்டு தடவையும் பார்த்திருக்கிறார்.

இடது கையைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

கரையில் இருப்பவர்களுக்கு அது 'பிரமாதம்'. எங்களைப் போல் முக்குளிக்கிறவர்களுக்கு அதற்கு வேறு அர்த்தம். 'போதும், மேலே போகலாம்.' யார் காட்டினாலும் ஏன் என்று கேட்கக் கூடாது, எதிர்த்து வாதாடக் கூடாது. கூட வந்தவரும் அதையே திருப்பிக் காட்டிவிட்டு ஏறிவிட வேண்டும். முதல் நாள் சொல்லித் தருகிற பாடம் அது. எத்தனையோ தடவை அவருக்கு நானும் எனக்கு அவரும் காட்டியிருக்கிறோம். அடுத்த வாரம் மறுபடி இறங்குவோம் என்று தெரிந்து காட்டியது அதெல்லாம்.

நான் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் விரலை இறக்கவில்லை. சண்டை போட எனக்கு நூறு வார்த்தை வாயில் இருந்தது, ஒன்றுக்கும் அங்கே இடமில்லை. என்னால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான். நானும் கட்டைவிரலை உயர்த்தினேன்.

"அப்பாடா" என்றார் கரையில் நின்ற கடைக்காரர். "ரெண்டு பேருக்கும் பிடிச்சிருச்சு. பில் போட்டுறட்டுமா சார்?"

என் வீட்டுக்காரர் முகமூடியைக் கழற்றப் பார்த்தார். வலது கைக்கு வார் பிடிபடவில்லை. இடது கையால் கழற்றினார்.

"வண்டி நல்ல வண்டிங்க" என்றார் கடைக்காரரிடம். "அதுல ஒரு குறையும் இல்ல. வீட்ல உங்களைத் திட்டிட்டாங்க, மனசுல வச்சுக்காதீங்க."